தையலுக்கு மாற்றாகத் திசுப்பசை: ஈறு அறுவைச் சிகிச்சைக்கு முன் அறிந்துகொள்ள வேண்டியவை

ஈறு அறுவைச் சிகிச்சை தேவை என்று கூறியவுடன், நோயாளிகளும் அவர்தம் குடும்பத்தினரும் எங்களிடம் கேட்கும் முதல் கேள்விகளுள் ஒன்று, "தையல் போடுவீர்களா?" என்பதாகும். "தையல் இல்லாமல் பசை வைத்தே ஒட்டிவிடலாமாமே?" என்று கேட்போரும் உளர். இரு கேள்விகளுக்கும் பொதுவான விடையை இங்கு விளக்க முற்படுகிறோம்.

தையல் ஏன் தேவைப்படுகிறது?

நலமான ஈற்றுக்கும் பல்லுக்கும் இடையே 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமுள்ள சிறு பள்ளம் இருப்பது இயல்பு. ஈறுநோய் முற்றும்போது பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்து, இப்பள்ளம் ஆழமான பையாக மாறுகிறது. 5 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட பைகளின் அடிவரை பல்துலக்கி எட்டாது. பற்காரையை நீக்கும் வழக்கமான சிகிச்சையும் பலவேளைகளில் முழுப்பயன் தருவதில்லை. எனவே ஈற்றை மடல்போலப் பிரித்து விலக்கி, வேரின் மேற்பரப்பை நேரில் கண்டு தூய்மை செய்கிறோம். பின்னர் அம்மடலைப் பழைய இடத்தில் அமர்த்தி, அது அசையாமல் இருக்கத் தையலிடுகிறோம்.

தையல் நெடுங்காலமாக நம்பகமாகப் பயன்பட்டுவரும் முறை. எனினும் அதற்குச் சில குறைகள் உண்டு. ஊசி நுழையும் ஒவ்வோரிடமும் ஒரு சிறு காயமே. மெல்லிய ஈறு சிலவேளை நூலின் இழுப்பால் கிழியக்கூடும். பல இழைகளால் முறுக்கப்பட்ட பட்டுநூல், உமிழ்நீரையும் நுண்ணுயிர்களையும் திரிபோல உறிஞ்சிக்கொள்கிறது. தானே கரையாத நூலாயின், ஏறத்தாழ 7 முதல் 10 நாட்களுக்குள் அதனை அகற்றுவதற்காக மீண்டும் வரவேண்டும்.

உயிரியல் திசுப்பசை என்பது யாது?

கையில் சிறு கீறல் ஏற்பட்டால் சற்று நேரத்தில் இரத்தம் தானே உறைகிறது. இரத்தத்தில் கரைந்துள்ள ஃபைப்ரினோஜென் என்னும் புரதத்தைத் திராம்பின் என்னும் நொதி ஃபைப்ரின் இழைகளாக மாற்றுகிறது. உறைதற்காரணி 13, கால்சியத்தின் துணையுடன் அவ்விழைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைத்து வலையை உறுதியாக்குகிறது. உடல் இயற்கையாகச் செய்யும் இந்த இறுதிப் படியையே ஃபைப்ரின் பசை காயத்தின்மேல் நிகழ்த்துகிறது.

ஃபைப்ரினோஜென் ஒரு குழலிலும், திராம்பினும் கால்சியமும் மற்றொரு குழலிலும் இருக்கும். இரண்டும் சேரும்போதே பசை உருவாகும். திராம்பினின் செறிவு மிகுதியாயின் சில நொடிகளில் உறைந்துவிடும். குறைவாயின் மடலைச் சரியாக அமர்த்தச் சற்று அவகாசம் கிடைக்கும். மெல்லிய படலமாகப் பூசி, ஈரமான பஞ்சுத்துணியால் சில நிமிடங்கள் மென்மையாக அழுத்திப் பிடிக்கிறோம். நாட்கள் செல்லச் செல்ல உடலே இவ்வலையைக் கரைத்துவிடுவதால், அகற்றுவதற்கு எதுவும் எஞ்சுவதில்லை.

இக்கருத்து புதியதன்று. 1909இல் பெர்கெல் என்பவர் இரத்தக்கசிவை நிறுத்த ஃபைப்ரின் பொடியைப் பயன்படுத்தினார். 1940இல் யங், மெடாவர் ஆகியோர் அறுபட்ட நரம்புகளை ஒட்ட உறையும் பிளாஸ்மாவைக் கையாண்டனர். 1972இல் மாத்ராசும் அவர்தம் குழுவினரும், செறிவூட்டிய ஃபைப்ரினோஜெனைக் கொண்டு நரம்புகளை இணைத்தபின் இம்முறை ஐரோப்பாவில் பரவியது. அமெரிக்காவில் 1998இல் ஒப்புதல் கிடைத்தது.

கடைகளில் விற்கும் உடனடிப் பசையின் இனத்தைச் சேர்ந்த சயனோஅக்ரிலேட் பசைகளும் மருத்துவத் தரத்தில் தயாரிக்கப்பட்டுப் பயன்படுகின்றன. அவை உயிரியல் பசைகள் அல்ல, செயற்கை வேதிப்பொருட்கள். கடைப்பசையை எக்காரணம் கொண்டும் வாயில் பயன்படுத்துதல் கூடாது. அது திசுவைப் புண்ணாக்கும்.

யாருக்குப் பொருந்தும்? யாருக்குப் பொருந்தாது?

இழுவிசையின்றி இயல்பாக இடத்தில் அமரும் ஈற்று மடலுக்கும், ஊசி நுழைத்தற்கு அரிய பின்கடைவாய்ப் பகுதிக்கும், மெல்லிய ஈற்று ஒட்டுக்கும் இப்பசை ஏற்றது. இரத்தக்கசிவை அடக்கும் இயல்பும் இதற்கு உண்டு. ஆதலால், ஹீமோஃபிலியா உள்ளோர்க்குப் பல் பிடுங்கும்போது, உறைதற்காரணி மருந்துகளோடு துணையாக இது பயன்பட்டுள்ளது.

எனினும் பசையின் வலிமை தையலின் வலிமைக்கு ஈடாகாது. உதட்டுத் தசையால் இழுக்கப்படும் இடங்களிலும், மடலை வெகுவாக நகர்த்தி அமர்த்தும்போதும் தையலே பாதுகாப்பானது. சிலருக்கு இரண்டையும் சேர்த்துச் செய்வோம். பசை வைப்பதால் ஈறுநோய் விரைவில் தீர்ந்துவிடும் என்று எண்ணுதல் கூடாது. நோயைத் தீர்ப்பது உள்ளே செய்யும் தூய்மையும், பின்னர் நீங்கள் மேற்கொள்ளும் பராமரிப்புமே. பசையின் விலையும் தையல் நூலின் விலையைவிட மிகுதி.

ஒப்புதலுக்கு முன் கேட்டறிய வேண்டியவை

இப்பசை பெரும்பாலும் கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து தயாரிக்கப்படுகிறது. கொடையாளர் சோதனையும், கிருமிகளைச் செயலிழக்கச் செய்யும் முறைகளும் தொற்று அபாயத்தை மிகவும் குறைத்துள்ளன. எனினும் அபாயம் முற்றிலும் இல்லை என்று கூறவியலாது. மனித இரத்தத்திலிருந்து பெற்ற பொருளை ஏற்க மனமில்லாதோர் அதனை முன்னரே தெரிவிக்க வேண்டும். சில தயாரிப்புகளில் அப்ரோட்டினின் என்னும் புரதமும் சேர்க்கப்படுவதால், முன்பு மருந்து ஒவ்வாமை ஏற்பட்டிருந்தால் மறவாமல் கூறுங்கள்.

நீரிழிவு, இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரைகள், புகைப்பழக்கம் ஆகியவற்றையும் மறைக்காதீர்கள். இம்மாத்திரைகளை, அவற்றை எழுதித்தந்த மருத்துவரைக் கேளாமல் நிறுத்துதல் உயிருக்கே கேடாகலாம்.

சிகிச்சைக்குப் பின்

தையல் இல்லாததால் காயம் ஆறிவிட்டது என்று எண்ண வேண்டா. முதல் சில நாட்கள் மிகுந்த கவனம் தேவை.

உதட்டையோ கன்னத்தையோ இழுத்துக் காயத்தைப் பார்த்தலும், நாவால் தடவுதலும் கூடாது. முதல் நாள் வாயைப் பலமாகக் கொப்பளித்தல், உறிஞ்சுகுழலால் பருகுதல், சூடான உணவு ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஆறவைத்த கஞ்சி, தயிர்சாதம், மசித்த இட்லி போன்ற மென்மையான உணவை மறுபக்கத்தால் மெல்லவும். பிற பற்களை வழக்கம்போலத் துலக்கவும். புகையிலையை எவ்வடிவிலும் தொடாதிருக்கவும்.

சிறிது கசிவு இயல்பே. தூய துணியை நனைத்து 20 நிமிடங்கள் இடைவிடாமல் அழுத்தியும் இரத்தம் நிற்காவிடினும், மடல் பெயர்ந்து தொங்கினும், காய்ச்சலோ சீழோ வளரும் வீக்கமோ தோன்றினும் உடனே வாருங்கள். அகற்றத் தையல் இல்லை என்பதற்காக மறுபார்வை நாளைத் தவறவிட வேண்டா. ஈறு பல்லோடு மீண்டும் பொருந்தியுள்ளதா என்பதை அன்றுதான் உறுதிசெய்ய முடியும்.