ஒரே மாதிரி ரெண்டு ஃபோம் மெத்தை: எதை வாங்குறது? முதல்ல நீங்க எப்படித் தூங்குறீங்கன்னு பாருங்க



2019 செப்டம்பர். டேக்ஸ் ஆடிட் சீசன். தினமும் 12 மணி நேரம் நாற்காலியிலயே உட்கார்ந்து முதுகு பிடிச்சுக்கிச்சு. அப்பதான் செம்பாக்கத்துல வாடகை வீட்டுக்குக் குடி வந்திருந்தோம். "முதுகு வலிக்கு ஆர்த்தோ மெத்தைதான் நல்லது, கெட்டியா இருக்கணும்" என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு, 18,000 ரூபாய்க்கு ஒரு குயின் சைஸ் ஃபோம் மெத்தையை ஆன்லைனில் ஆர்டர் செய்தேன்.

என் மனைவிக்கு முதல் நாளே பிடித்துவிட்டது. அவர் மல்லாந்து படுத்தால் காலை வரை அசைய மாட்டார். நான் ஒருக்களித்துப் படுப்பவன். ரெண்டே வாரத்தில் வலது தோள்பட்டை வலி, விடியற்காலையில் கை மரத்துப் போவது எல்லாம் ஆரம்பிச்சது. 100 நாள் டிரையல் இருக்கே, பார்த்துக்கலாம்னு தள்ளிப் போட்டேன். ஃபோன் போட்டது 107-வது நாள். "டைம் முடிஞ்சிருச்சு சார்" என்றார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. ஊருக்கெல்லாம் டியூ டேட் ஞாபகப்படுத்துற ஆடிட்டர், சொந்த டியூ டேட்டை விட்டுட்டேன்.

கடைசியில் 4,500 ரூபாய்க்கு 2 இன்ச் டாப்பர் வாங்கிப் போட்ட பிறகுதான் தோள் வலி விட்டது. மொத்தச் செலவு 22,500.

ஒரே மெத்தை, ஒரே அறை. ஒருத்தருக்கு சுகம், இன்னொருத்தருக்கு வலி. மெத்தையில் குறை எதுவும் இல்லை. நான் எப்படித் தூங்குறேன்னு பார்க்காம வாங்கினதுதான் குறை. இன்னைக்குப் பாடமே இதுதான்.

எல்லா ஃபோம் மெத்தையும் ஏன் ஒரே மாதிரி தெரியுது?

ரெண்டு பிராண்ட் பக்கத்தைத் திறந்து வச்சுப் பாருங்க. ரெண்டிலும் 6 இன்ச், மெமரி ஃபோம், ஆர்த்தோ, 100 இரவு டிரையல், 10 வருஷ வாரண்டி. பிராண்ட் பேரை வச்சு முடிவெடுக்கலாமா? ஸ்லீப்வெல், கர்ல்-ஆன் ரெண்டும் தனித்தனி கடை போலத் தெரியும். ஆனா 2023-ல் கர்ல்-ஆனை வாங்கினது ஸ்லீப்வெல்லை நடத்துற ஷீலா ஃபோம்தான். டியூரோஃப்ளெக்ஸ் 1963-ல் ஆலப்புழையில் ஆரம்பிச்சது, வேக்ஃபிட் 2016-ல் பெங்களூரில். யாருடைய வரலாறும் உங்க தோள்பட்டைக்குப் பதில் சொல்லாது.

உள்ளே பார்த்தா விஷயம் எளிமை. கீழே 4 இன்ச் போல தாங்குற ஃபோம். மேலே 1 அல்லது 2 இன்ச் உடம்பு அழுந்துற ஃபோம். பெரும்பாலான வித்தியாசம் அந்த மேல் அடுக்கில்தான்.

இங்கே எல்லோரும் குழம்புற இடம் ஒண்ணு இருக்கு. டென்சிட்டி வேற, கெட்டித்தன்மை வேற. "இது 40 டென்சிட்டி சார்" என்றால் ஒரு கன மீட்டர் ஃபோம் 40 கிலோ எடை என்று அர்த்தம். அது எவ்வளவு நாள் உழைக்கும் என்பதற்குத்தான் அடையாளம். 40 டென்சிட்டியில் மெத்துன்னும் செய்யலாம், பலகை மாதிரியும் செய்யலாம்.

"ஆர்த்தோ" என்ற வார்த்தையும் டாக்டர் எழுதின சீட்டு இல்லை, கம்பெனி வச்ச பேர். நாள்பட்ட இடுப்பு வலி இருந்த 313 பேரை வச்சு ஸ்பெயினில் நடந்த ஒரு ஆய்வு 2003-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 90 நாள் கழித்துப் பார்த்தபோது, கெட்டி மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைஞ்சிருந்தது. கெட்டியா இருந்தா முதுகுக்கு நல்லதுங்கிற நம்பிக்கையை இதோட விட்டுடலாம்.

முதல் வேலை: 7 நாள் கணக்கு

செலவு எழுதுற மாதிரியே ஒரு வாரம் மூணு விஷயம் எழுதுங்க.

1. எந்த நிலையில் கண் விழிக்கிறீங்க? தூங்கப் போகும்போது படுத்த நிலை கணக்கில்லை.
2. ராத்திரி எத்தனை தடவை புரண்டு விழிச்சீங்க?
3. காலையில் எங்கே வலி? தோளா, இடுப்பா, கழுத்தா?

இப்போ பொருத்திப் பாருங்க

ஒருக்களித்துப் படுப்பவர்கள்: முழு எடையும் தோளிலும் இடுப்பெலும்பிலும் இறங்குது. அந்த ரெண்டும் கொஞ்சம் உள்ளே அமிழ்ந்தாதான் முதுகெலும்பு நேரா இருக்கும். மேல் அடுக்கு 2 இன்ச் மென்மையா இருக்கிற மாடல் உங்களுக்கு. கெட்டி ஆர்த்தோ வேண்டாம்.

மல்லாந்து படுப்பவர்கள்: நடுத்தர கெட்டி. சின்ன சோதனை: மல்லாந்து படுத்து இடுப்புக்குக் கீழே கையை நுழைங்க. தாராளமா போய் வந்தா மெத்தை ரொம்ப கெட்டி. கை நுழையவே கஷ்டப்பட்டா ரொம்ப மெத்து. லேசா உரசிப் போனா சரி.

குப்புறப் படுப்பவர்கள்: மெத்தை மெத்துன்னு இருந்தா வயிறும் இடுப்பும் அமிழ்ந்து முதுகு வளைஞ்சிடும். கெட்டியா, மேல் அடுக்கு மெல்லிசா இருக்கிறதை எடுங்க. தலையணையும் மெல்லிசா இருக்கட்டும்.

புரண்டுகிட்டே இருப்பவர்கள்: மெமரி ஃபோம் மெதுவா எழும்பும். அந்தக் குழியிலிருந்து திரும்பவே ஒரு முயற்சி வேணும். அழுத்தினதும் உடனே எழும்புற ஹெச்ஆர் ஃபோம் உங்களுக்குத் தோது.

அடுத்து எடை. தோராயமா 55 கிலோவுக்குக் கீழே இருந்தா எந்த மெத்தையும் சொன்னதைவிட கெட்டியாத்தான் தெரியும். 85 கிலோவுக்கு மேலே இருந்தா அதுவே மெத்துன்னு தெரியும், 8 இன்ச் பார்க்கலாம். "மீடியம்" என்ற வார்த்தை எல்லாருக்கும் ஒண்ணு இல்லை.

ரெண்டு பேர் படுக்கிற கட்டிலா? தேவை வேற வேறயா இருந்தா, 36 இன்ச் அகலத்தில் ரெண்டு சிங்கிள் மெத்தை வாங்கி ஒரே விரிப்பு போடலாம். 72 இன்ச் அகலக் கட்டிலுக்கு அளவு சரியா வரும். இது 2019-ல் எனக்குத் தோணியிருந்தா டாப்பர் செலவு மிச்சம்.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் சேருங்க

மெமரி ஃபோம் 1966-ல் நாசாவுக்காக, விமான இருக்கையில் போட உருவானது. சூட்டில் இளகுறது அதன் குணம். மே மாசம் ஏசி இல்லாத மாடி அறையில் அது இன்னும் மெத்துன்னு ஆகும், உடம்புச் சூட்டையும் பிடிச்சு வைக்கும். ஏசி அறையில் அதே மெத்தை கெட்டியா தெரியும். ஏசி இல்லைன்னா மெமரி ஃபோம் அடுக்கு 1 இன்ச்சோட நிறுத்துங்க, இல்லை ஹெச்ஆர் ஃபோம் எடுங்க.

பேச்சிலர் ரூமில் தரையில் மெத்தை போடுற தம்பிகளே, ஐப்பசி கார்த்திகை மழையில் தரை ஈரம் ஃபோமுக்கு அடியில் தேங்கி பூஞ்சை பிடிக்கும். வாரம் ஒரு தடவை சுவரில் சாய்ச்சு நிறுத்தி காத்தாட விடுங்க.

டென்சிட்டியை நீங்களே ஆடிட் பண்ணலாம்

78 × 60 × 6 இன்ச் மெத்தையின் கன அளவு சுமார் 0.46 கன மீட்டர். மெத்தையின் எடை 17 கிலோ, அதில் கவர் 2 கிலோன்னு வைங்க. 15-ஐ 0.46-ஆல் வகுத்தா 32.6. ஆக சராசரி டென்சிட்டி 33-க்குப் பக்கம். விளம்பரத்தில் பெரிசா "50 டென்சிட்டி" என்று போட்டிருந்தா அது மேலே இருக்கிற 1 இன்ச்சுக்கு மட்டும்தான்னு புரிஞ்சுக்கலாம்.

காசுக் கணக்கு

18,000 ரூபாய் மெத்தை 8 வருஷம் உழைச்சா 2,920 இரவு. ஒரு இரவுக்கு சுமார் 6 ரூபாய் 16 காசு. 9,000 ரூபாய் மெத்தை 3 வருஷத்தில் குழி விழுந்தா ஒரு இரவுக்கு 8 ரூபாய் 22 காசு. விலை பாதி, செலவு அதிகம். அதே சமயம் 18,000-த்தை 30,000 ஆக்கினா தூக்கம் அந்த அளவுக்குக் கூடாது. உங்க நிலைக்குப் பொருந்துற ரெண்டு மாடல் இருந்தா, விலை குறைஞ்சதை எடுங்க.

"நோ காஸ்ட் இஎம்ஐ" முழுசா இலவசம் இல்லை. 18,000-க்கு 6 மாசம், கார்டு வட்டி வருஷத்துக்கு 15% என்று வைங்க. வட்டி சுமார் 762 ரூபாய். அதைக் கடைக்காரர் தள்ளுபடியா ஏத்துக்குவார். ஆனா அந்த வட்டி மேல 18% ஜிஎஸ்டி 137 ரூபாய் உங்க தலையில். பிராசஸிங் ஃபீஸ் 199 ரூபாய்னா வரியோட 235. ஆக மொத்தம் 372 ரூபாய் கூடுதல். கையில் காசு இருந்தா மொத்தமா கட்டிடுங்க.

டிரையல் ஒரு டியூ டேட்

வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுப் பாருங்க:

- எத்தனை நாள், எந்தத் தேதியிலிருந்து எண்ணுவாங்க?
- திருப்பி எடுக்க சார்ஜ் உண்டா? முழுப் பணமா, கூப்பனா?
- கட்டில் அளவுக்கு வெட்டி வாங்கினா பல இடங்களில் ரிட்டர்ன் கிடையாது. ஆசாரி செஞ்ச பழைய கட்டில்னா முதல்ல டேப் வச்சு அளந்துடுங்க.
- எத்தனை இன்ச் குழி விழுந்தா வாரண்டி? கறை பட்டா ரத்தா?

டெலிவரி வந்த அன்னைக்கே ஃபோனில் ரெண்டு அலாரம் வைங்க. ஒண்ணு 30-வது நாள்: புது மெத்தைக்கு உடம்பு பழக ரெண்டு மூணு வாரம் ஆகும், அதுக்கப்புறமும் வலி இருந்தா மெத்தை உங்களுக்குப் பொருந்தலைன்னு அர்த்தம். இன்னொண்ணு டிரையல் முடிய 10 நாள் முன்னாடி: அன்னைக்கு வச்சுக்கிறதா, திருப்புறதான்னு முடிவெடுத்தே ஆகணும்.

வலி காலுக்கு இறங்கினாலோ, கை மரத்துப் போவது நிற்கலைன்னாலோ மெத்தை மாத்துறதை விட்டுட்டு டாக்டரைப் பாருங்க.

மெத்தைச் செலவு 80சி-யில் வராது. வரிச் சலுகை எதுவும் இல்லை. ஆனா வாழ்நாளில் மூணில் ஒரு பங்கு படுத்திருக்கிற இடம். இந்த வாரம் எந்த ஆஃபரையும் திறக்காதீங்க. நாளைக் காலையில் எந்தப் பக்கம் கண் விழிச்சீங்கன்னு மட்டும் எழுதி வைங்க. கணக்கு அங்கிருந்துதான் ஆரம்பம்.