பூப்பறிக்கப் போகிறீர்களா? புலிக்கால் முனிவரை நினையுங்கள்!

காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் செல்லும் சாலையில், உத்திரமேரூரை நெருங்கும்போது வருகிறது திருப்புலிவனம். ஏரிகளும் நெல் வயல்களும் சூழ்ந்த அழகிய கிராமம். சோழர் காலக் கல்வெட்டுகளைத் தாங்கி நிற்கும் ஆலயத்தில் ஸ்ரீவியாக்ரபுரீஸ்வரராக அருள்பாலிக்கிறார் சிவபெருமான். வியாக்ரபாதர் எனும் புலிக்கால் முனிவர் வழிபட்ட தலம் இது. இறைவனின் திருநாமமே அதைச் சொல்கிறது.

புலிக்கால் முனிவரின் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வண்டு தொடாத பூக்களால் ஈசனை அர்ச்சிக்க வேண்டும் என்பது அவரது ஆசை. பொழுது விடிந்தால் வண்டுகள் வந்துவிடும். விடியும் முன்பே பறிக்கலாம் என்றாலோ, பனியில் நனைந்த மரம் வழுக்குகிறது. இருட்டில் பூவும் தெரியவில்லை. இறைவனிடம் முறையிட்டார். வழுக்காமல் மரமேறப் புலியின் கால்களையும், இருளை ஊடுருவும் பார்வையையும் வரமாகப் பெற்றார்.

இந்தக் கதையைப் பக்தியின் மேன்மைக்கு உதாரணமாகச் சொல்வோம். அதில் நமக்கு இன்னொரு பாடமும் இருக்கிறது. இருட்டில் பூப்பறிக்கப் போவது சாதாரணக் காரியமல்ல; அதற்குத் தனிக் காலும் தனிக் கண்ணும் வேண்டும் என்று அந்த மகானே நினைத்திருக்கிறார்! நாமோ செருப்புகூட இல்லாமல், அரை இருட்டில், செம்பருத்திச் செடிக்குள் கையை விடுகிறோம். அந்தச் செடியடியில் வேறு சில ஜீவன்களும் குடியிருக்கின்றன. அவை யார், எவற்றுக்கு அஞ்ச வேண்டும், எவற்றுக்கு அஞ்ச வேண்டியதில்லை? தெரிந்துகொள்வோமா?

பயப்பட வேண்டாதவர்கள்

முதலில் பல்லி. பல்லியை வைத்துப் பலன் பார்ப்பது நம் வழக்கம். பஞ்சாங்கத்தில் பல்லி விழும் பலனுக்கென்று ஒரு பக்கமே உண்டு. காஞ்சி வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கினால் பல்லி தோஷம் விலகும் என்பது நம்பிக்கை. குருவின் சாபத்தால் பல்லிகளான முனிகுமாரர்கள் இருவர் வரதனின் அருளால் விமோசனம் பெற்ற இடம் அது என்கிறது தலபுராணம். ஆக, பல்லிக்கும் பெருமாள் சந்நிதியில் இடம் இருக்கிறது! வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. கொசுவையும் பூச்சியையும் தின்று நமக்கு உதவுகிறது. ஆனால், பல்லி விழுந்த உணவை மட்டும் கொட்டிவிடுங்கள். அதன் உடலிலும் எச்சத்திலும் உள்ள கிருமிகளால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரலாம்.

அடுத்து ஓணான். ராமபிரான் தாகத்தில் தவித்தபோது அணில் உதவியது, ஓணான் அவமதித்தது என்று கிராமத்தில் ஒரு கதை சொல்வார்கள். அதைக் கேட்டு வளரும் பிள்ளைகள் ஓணானைக் கண்டாலே கல்லெடுப்பார்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானின் கழுத்து சிவப்பதைப் பார்த்து, 'ரத்தம் உறிஞ்சுகிறது' என்று அலறுவதும் உண்டு. இரண்டுக்கும் ஆதாரமில்லை. ஓணான் தின்பது செடியை அரிக்கும் பூச்சிகளை. அதைக் கல்லால் அடிக்கும் பிள்ளைகளைத் தடுங்கள். அதுவும் ஒரு ஜீவகாருண்யம்தானே!

வழவழவென்று மின்னும் உடலோடு, காய்ந்த இலைகளுக்கிடையே ஓடுவது அரணை. 'அரணை கடித்தால் உடனே மரணம்' என்று பயமுறுத்துவார்கள். எதுகைக்காகச் சொன்னதோ என்னவோ, உண்மை அதுவல்ல. அரணைக்கு விஷமே இல்லை.

வயலோரத் தோட்டங்களில் எப்போதாவது உடும்பு தலைகாட்டும். எலி, நண்டு, நத்தை, முட்டை இவைதான் அதன் ஆகாரம். விலகி வழிவிட்டால் தானே போய்விடும். மருந்து என்ற பெயரில் அதைப் பிடிப்பதும் கொல்வதும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கடுமையான குற்றம்.

பெயர் கெட்டுப்போன பாம்புகள்

பாம்புகளிலும் பல, வீண்பழி சுமப்பவை. கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறி, கடிபட்டவர் எரிகிறாரா என்று பார்க்குமாம்! பாவம், அதற்கு விஷமே கிடையாது. மரத்தில் ஏறிப் பல்லியையும் தவளையையும் பிடிப்பதோடு சரி. பச்சைப்பாம்பு கண்ணைக் கொத்தும் என்பதும் இப்படித்தான். அதன் லேசான விஷம் பல்லி போன்ற சிறு உயிர்களுக்குத்தான். மனித உயிருக்கு ஆபத்தில்லை.

சாரைப்பாம்பு ஓர் ஆளைவிட நீளமாக வளரும்; விஷமில்லாதது. நாகமும் சாரையும் பின்னிப் பிணைவதாகச் சொல்லிப் புதுத்துணி போடுவார்கள். உண்மையில் அவை பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், பலப்பரீட்சையில் இறங்கியிருக்கின்றன! நெல் விளையும் பூமியில் சாரை செய்யும் வேலை பெரிது. வீட்டு நெல்லைத் தின்னும் எலியை, கூலி வாங்காமல் பிடித்துத் தருவது அதுதான்.

அஞ்ச வேண்டிய நால்வர்

அப்படியானால் பாம்புக்குப் பயப்படவே வேண்டாமா? வேண்டும். நம் நாட்டில் உயிரிழப்புக்குப் பெரிதும் காரணமாகும் பாம்புகள் நான்கு.

நல்லபாம்பு - படமெடுத்து எச்சரிப்பதால் நமக்கு எளிதில் தெரியும். எலியைத் தேடித்தான் வீட்டுப் பக்கம் வருகிறது.

கட்டுவிரியன் - கருத்த உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள். இரவில் உலவும். தரையில் படுத்துத் தூங்குபவர்களைக் கடிப்பது அதிகம். கடி வலிக்காது, பல் பதிந்த தடம்கூடத் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, இமை சொருகுதல், பேச்சுக் குழறல் என்றால் தாமதிக்கவே கூடாது.

கண்ணாடி விரியன் - தடித்த உடல், முதுகில் சங்கிலி போன்ற புள்ளிகள். சருகின் நிறத்தோடு கலந்து அசையாமல் கிடக்கும். நெருங்கினால் குக்கர் போலச் சீறும். ரத்தம் உறையாமல் செய்து, சிறுநீரகத்தையும் பாதிப்பது இதன் விஷம்.

சுருட்டை விரியன் - உருவத்தில் சிறியது. வறண்ட நிலத்தில், கல்லிடுக்கில் இருக்கும். 'சின்னப் பாம்புதானே' என்று நினைப்பதுதான் ஆபத்து.

நிறத்தையும் கோடுகளையும் வைத்து நீங்களாக முடிவு கட்டாதீர்கள். விஷமில்லாத பாம்பு ஒன்று கட்டுவிரியனைப் போலவே கோடுகளோடு இருக்கும். எந்தப் பாம்பென்று தெரியாவிட்டால், விஷப்பாம்பு என்றே எண்ணிச் செயல்படுங்கள்.

தோட்டத்தில் என்ன செய்யலாம்?

நமக்குப் புலிக்கண் இல்லை. டார்ச் விளக்கு இருக்கிறது. புலிக்கால் இல்லை, கணுக்கால் மூடிய செருப்பு இருக்கிறது. பொழுது புலர்ந்த பிறகு பூப்பறிப்பதே உத்தமம். முன்னதாகப் போக வேண்டியிருந்தால், விளக்கடித்துப் பார்த்து, ஒரு கோலால் செடியைத் தட்டிவிட்டுக் கையை நீட்டுங்கள். தரையில் உதிர்ந்த பவழமல்லியைப் பொறுக்கும்போது கூடுதல் கவனம் தேவை.

விறகு, தென்னை மட்டை, செங்கல், பழைய ஓடு இவற்றைச் சுவரையொட்டி அடுக்காதீர்கள். சருகை அவ்வப்போது கூட்டி அள்ளுங்கள். எலி வளைகளை அடைத்து, தானியத்தை மூடி வையுங்கள். அறுவடை முடிந்து வயல் எலிகள் வைக்கோல் போரைத் தேடி வரும். பின்னாலேயே பாம்பும் வரும். மல்லிகை, தாழம்பூ வாசனைக்குப் பாம்பு வருவதில்லை. புதர் மண்டிய நிழலும் அங்கே கிடைக்கும் எலி, தவளையுமே அதை அழைக்கின்றன. சிறியாநங்கை வளர்ப்பதும் பூண்டைக் கரைத்துத் தெளிப்பதும் சுத்தமான தோட்டத்துக்கு ஈடாகாது. இரவில் தரையில் படுப்பவர்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகிக் கொள்ளுங்கள். கட்டுவிரியனிடமிருந்து காக்கும் கவசம் அது.

ஆடி அமாவாசையை அடுத்து வரும் நாக சதுர்த்தியில் புற்றுக்குப் பால் ஊற்றும் பெண்களுக்கு ஒரு வார்த்தை... பாம்பின் ஆகாரம் பால் அல்ல. புற்றுக்குள் ஊற்றும் பால் ஊறிப் புளித்து, உள்ளே இருக்கும் உயிருக்குத் துன்பமாகலாம். அரசமரத்தடி நாகர் சிலைக்கு அபிஷேகம் செய்யுங்கள். புற்றுக்கு மஞ்சள் குங்குமம் இட்டு, வளைக்குள் கையை விடாமல், தள்ளி நின்று வணங்குங்கள். பக்தியும் குறையாது, பாம்புக்கும் நமக்கும் ஆபத்தில்லை.

வீட்டுக்குள் பாம்பு நுழைந்துவிட்டால் அடிக்கப் போகாதீர்கள். அடிக்கப் போய்க் கடிபடுகிறவர்கள் அநேகம். குழந்தைகளை விலக்கி, பாம்பு எங்கே இருக்கிறது என்று தூரத்தில் நின்று கவனித்தபடி, தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ தகவல் கொடுங்கள்.

கடித்துவிட்டால்...

இதுதான் மிக முக்கியம். 2020-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்து மக்கள். தமிழக அரசு 2024 நவம்பரில், பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது.

கடிபட்டவரைப் பதறவிடாமல் படுக்க வையுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு, இறுக்கமான உடை ஆகியவற்றை வீக்கம் வருமுன் கழற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து, 108 ஆம்புலன்ஸிலோ கிடைத்த வண்டியிலோ அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நடக்க விட வேண்டாம். கயிறு கட்டி இறுக்குவது, கத்தியால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடிக்கொண்டு போகவும் வேண்டாம். விஷமுறிவு மருந்து ஒன்றே மருந்து. அரசு மருத்துவமனையில் அதற்குக் கட்டணம் இல்லை.

'எங்கள் ஊரில் மந்திரித்தே பிழைத்தார்களே' என்று நீங்கள் கேட்கலாம். கடிக்கும் பாம்புகளில் பல, விஷமில்லாதவை. விஷப்பாம்பும் ஒவ்வொரு கடியிலும் விஷத்தை இறக்குவதில்லை. அப்படிப்பட்டவர்கள் எதுவும் செய்யாமலே பிழைப்பார்கள். புகழ் மந்திரித்தவருக்குப் போய்விடும். உண்மையிலேயே விஷம் ஏறியவருக்கோ, மந்திரிக்கும் நேரத்தில் உயிர் நழுவிக் கொண்டிருக்கும். வேண்டுதலை வண்டியில் போகும்போதே செய்யலாம். ஈசனுக்கு எங்கிருந்து கூப்பிட்டாலும் கேட்கும்!

விஷத்தை மருந்தாக்கும் கைகள்

அந்த மருந்து எப்படி வருகிறது தெரியுமா? பாம்பின் விஷத்தைச் சிறு அளவில் குதிரைக்குச் செலுத்தி, அதன் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புச் சக்தியைப் பிரித்தெடுத்துத் தயாரிக்கிறார்கள். அதற்கு விஷம் தருவதில் பெரும்பங்கு நம் இருளர் மக்களுடையது. ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்துப் பிழைத்தவர்கள் அவர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அந்தத் தொழில் நின்றுபோனது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் இயங்கும் இந்தச் சங்கத்தினர், பாம்பைப் பிடித்துச் சில வாரங்கள் வைத்து விஷம் எடுத்தபின், மீண்டும் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். இருளர் சமூகத்தைச் சேர்ந்த பாம்பு பிடிக்கும் வல்லுநர்கள் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கொல்லாமல் எடுத்த விஷம்தான் நம் உயிரைக் காக்கிறது!

தில்லை நடராஜரின் திருநடனத்தைக் கண்டு நிற்கும் இருவரை நினைத்துப் பாருங்கள். ஒருவர் புலிக்கால் கொண்ட வியாக்ரபாதர். மற்றவர் பாம்பு உடல் கொண்ட பதஞ்சலி. புலிக்கும் பாம்புக்கும் தன் சந்நிதியில் இடம் தந்தவர் ஈசன். அவருக்கான பூவைப் பறிக்கும் தோட்டத்தில் அந்த ஜீவன்களுக்கும் ஓர் ஓரம் இருக்கட்டுமே! நாளைக் காலை பூக்கூடையை எடுக்கும்போது, பக்கத்தில் டார்ச் விளக்கும் செருப்பும் தயாராக இருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.