வடதுருவ ஒளி பார்க்கப் போவோமா?



இரவு வானத்தில் பச்சையும் சிவப்புமாகத் திரைச்சீலை போல அசையும் ஒளிதான் வடதுருவ ஒளி. 'அரோரா' என்றும் சொல்வார்கள். அதை நேரில் பார்க்கணும்னா நல்லா திட்டம் போடணும். இல்லையென்றால் காசையும் செலவழித்து, வெறும் வானத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்!

எப்படி உண்டாகிறது?

சூரியனிலிருந்து மின்னூட்டத் துகள்கள் எப்போதும் வீசிக்கொண்டிருக்கின்றன. பூமியின் காந்தப்புலம் அவற்றைத் துருவப் பக்கம் திருப்புகிறது. அவை அங்கே காற்றில் மோதும்போது ஒளி பிறக்கிறது. 100 கி.மீ. உயரத்துக்கு மேல் ஆக்சிஜன் பச்சையாக ஒளிரும். 200 கி.மீ.க்கு மேலே அதே ஆக்சிஜன் சிவப்பாக ஒளிரும்.

எங்கே போகணும்?

நம்ம போடிமெட்டு இருப்பது 10 டிகிரி வட அட்சரேகை. நார்வே நாட்டின் டிரோம்சோ நகரம் ஏறத்தாழ 70 டிகிரி. ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்றால், வடக்கே மட்டும் சுமார் 6,660 கி.மீ. போகணும். பாஸ்போர்ட், விசா வேண்டும். ஓஸ்லோ போய் வேறு விமானம் மாறணும்.

இந்தியாவில் தெரியாதா? லடாக்கில் ஹன்லே என்ற ஊரில், சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நம் நாட்டு வானாய்வகம் இருக்கிறது. 2024 மே மாதம் பெரிய சூரியப் புயல் வந்தபோது அங்கே வானம் சிவந்தது கேமராவில் பதிவானது. ஆனால் அது எப்போதாவதுதான். அதை நம்பி டிக்கெட் எடுக்க முடியாது.

எந்த லீவில் போகலாம்?

முழு ஆண்டு லீவு: கூடாது! மே கடைசியிலிருந்து ஜூலை வரை டிரோம்சோவில் சூரியன் மறையவே மறையாது. இருட்டு இல்லாமல் அரோரா எப்படித் தெரியும்?

காலாண்டு லீவு: போகலாம். செப்டம்பர் கடைசியில் ராத்திரி நன்றாக இருட்டிவிடும்.

அரையாண்டு லீவு: போகலாம். டிசம்பரில் அங்கே சூரியன் உதிப்பதே இல்லை. ஆனால் ஏலத்தோட்டத்துக்குப் போடும் ஸ்வெட்டரும் குல்லாவும் பத்தாது. உள்நாட்டுப் பக்கம் மைனஸ் 20 டிகிரி வரைகூடப் போகும்.

எத்தனை நாள் தங்கணும்?

குறைந்தது நாலைந்து ராத்திரி. ஏன்?

1. மேகம். மெட்டில் மூடுபனி இறங்கினால் எதிரே வரும் ஜீப்பே தெரியாது இல்லையா? அரோரா மேகத்துக்கு ரொம்ப மேலே இருப்பதால் மேகம் அதை மறைத்துவிடும்.

2. சூரியன். அங்கே கிளம்பும் புயல் பூமிக்கு வர ஒன்று முதல் மூன்று நாள் ஆகும். அதனால் ஒரு மாதம் முன்னாடியே 'இந்தத் தேதியில் தெரியும்' என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

உங்களுக்குத் தெரியுமா?

நமக்குப் பக்கத்து மலையான கொடைக்கானலில் 1899 முதல் சூரிய ஆய்வகம் இருக்கிறது. 2023 செப்டம்பர் 2-ல் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 விண்கலமும் சூரியனைத்தான் ஆராய்கிறது. அது ஏவப்பட்டபோது அதன் திட்ட இயக்குநராக இருந்தவர் செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி.

செய்து பாருங்கள்

வடக்கே மலை மறைக்காத இடத்தில் நில்லுங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 டிகிரி. அடிவானத்துக்கு மேலே ஒரு முஷ்டி உயரத்தில் துருவ நட்சத்திரம் தெரியும். டிரோம்சோவில் அதே நட்சத்திரம் ஏழு முஷ்டி உயரத்தில் இருக்கும். கண்டுபிடித்தவர்கள் அறிவியல் ஆசிரியரிடம் சொல்லுங்கள்!