மின்னேற்று நிலையங்களின் இருப்புக் கணக்கு

சங்கத்தின் நூல் கிடங்கைத் தணிக்கை செய்யச் செல்லுங்கால், இருப்புப் புத்தகத்தில் கண்ட தொகையைப் பார்த்த மாத்திரத்தில் நாம் கையொப்பமிடுவதில்லை. சிப்பங்களை எண்ணுகிறோம், ஐயம் எழுந்தால் ஒன்றிரண்டைப் பிரித்தும் பார்க்கிறோம். செயலாளர்களிற் சிலர் இதற்கு மனம் வருந்துவதுண்டு. எனினும் புத்தகத்திலுள்ள இருப்பு வேறு, கிடங்கிலுள்ள இருப்பு வேறு என்பதை அங்கத்தினர்கள் நன்கறிவார்கள். தறிக்கும் நூலுக்கும் தொடர்பில்லாத வேறொரு துறையில் இவ்வேற்றுமை எவ்வளவு பெரிதாயிற்று என்பதை இம்மாதம் ஆராய்வோம்.

மின்சாரத்தால் ஓடும் கார்களுக்கு வழியில் மின்னேற்று நிலையங்கள் வேண்டும். அமெரிக்காவின் மேரிலாண்ட் மாநிலத்தில், மின்விநியோகக் கம்பெனிகளே பொது இடங்களில் இந்நிலையங்களை அமைத்து நடத்துவதற்கு, அம்மாநிலப் பொதுச் சேவை ஆணையம் 2019 ஜனவரியில் அனுமதியளித்தது. இதற்காகும் செலவைக் கம்பெனிகள் மின்கட்டணத்தின் வாயிலாக ஈடுசெய்துகொள்ளலாம். அஃதாவது, கார் வைத்திருப்பவரோடு கார் இல்லாதவரும் அந்நிலையத்துக்குப் பணம் கட்டுகிறார். பங்குத்தொகை செலுத்தாமலே அவர் ஓர் அங்கத்தினர் போலாகிவிட்டார். ஆனால் அவருக்குப் பொதுப்பேரவை இல்லை. அவர் சார்பில் கணக்குக் கேட்க வேண்டியது ஆணையமே.

நிலையம் இயங்காவிடில் நேரும் இடர் சிறிதன்று. பெட்ரோல் தீர்ந்தால் ஒரு டின்னில் வாங்கி வரலாம். மின்சாரத்தை அவ்வாறு கொண்டுவர இயலாது.

கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 2022-ஆம் ஆண்டு டேவிட் ரெம்பெல் முதலியோர் ஓர் ஆய்வு நடத்தினர். அங்கே திறந்திருந்த 181 பொது விரைவு நிலையங்களுக்கும் நேரிற் சென்று, சி.சி.எஸ். வகை இணைப்புகள் 657-ஐயும் சோதித்தனர். இரண்டு நிமிடம் காரில் மின்சாரம் ஏறினாலே போதும், இயங்குகிறது என்று கொண்டனர். அத்துணை எளிய சோதனையிலும் தேறியவை 72.5 சதவிகிதமே. நடத்துவோர் சொல்லிவந்த கணக்கோ 95 முதல் 98 சதவிகிதம்! திரை இருண்டு கிடந்தவை, பணம் செலுத்த இயலாதவை, இணைப்பு உடைந்தவை எனப் பழுதுகள் பலவகை. கேபிள் காரை எட்டாதவையும் சில இருந்தன. சுமார் எட்டு நாள் கழித்துப் பத்தில் ஒரு பங்கை மீண்டும் சோதித்தபோதும் மொத்தத்தில் மாற்றமில்லை.

பொறி தன் தலைமை நிலையத்துக்கு ‘யாம் நலம்’ என்று செய்தி அனுப்பிக்கொண்டேயிருக்கலாம். அதன் முன் நிற்பவருக்கு மின்சாரம் கிடையாது. கிடங்குக்காரரே எழுதிய இருப்பைக் கிடங்குக்காரரே சரிபார்த்ததற்கு இஃது ஒப்பாகும்.

இதன்பின் சட்டங்கள் வந்தன. 2023-இல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு, தன் நிதியில் அமையும் நிலையங்களின் ஒவ்வோர் இணைப்பும் ஆண்டில் 97 சதவிகித நேரம் இயங்கவேண்டும் என விதித்தது. ஆண்டுக்கு 8,760 மணி. அதில் 3 சதவிகிதம் சுமார் 263 மணி, ஏறக்குறைய 11 நாட்கள். பிரிட்டனில் 2024 நவம்பர் முதல், 50 கிலோவாட்டும் அதற்கு மேலும் உள்ள விரைவு நிலையங்களுக்கு 99 சதவிகிதம் விதிக்கப்பட்டது.

பிரிட்டனின் விதி கடுமையானது எனத் தோன்றும். அங்கத்தினர்கள் சற்றுப் பொறுத்துக் கணக்கிட்டுப் பார்க்க. அந்த 99, ஒரு நிறுவனத்தின் விரைவு நிலையங்கள் அனைத்துக்கும் சேர்த்து எடுத்த சராசரி. நூறு பொறிகளில் 99 பொறிகள் ஆண்டு முழுதும் இயங்கி, ஒன்று ஆண்டு முழுதும் செத்துக் கிடந்தாலும் சராசரி 99 தான். அந்த ஒன்று ஒரு சிற்றூரின் ஒரே நிலையமாயின், அவ்வூராருக்குச் சராசரியால் யாது பயன்? இணைப்புவாரியாகக் கணக்கிடும் அமெரிக்க முறையில் இதனை மறைக்க இயலாது. ஆகவே எண் சிறிதாயினும் அம்முறையே மேல் என்பது நம் கருத்து.

அமெரிக்க விதியிலும் ஒரு துளை உண்டு. மின்விநியோகம் தடைப்பட்ட நேரம், நாசவேலை, இயற்கைச் சீற்றம், முன்னரே திட்டமிட்ட பராமரிப்பு ஆகியவற்றைக் கணக்கினின்று கழித்துவிடலாம். நிலையம் நடத்துபவர் வேறு, மின்சாரம் தருபவர் வேறு என்னுமிடத்து இது நியாயமே. மின்கம்பெனியே நிலையத்தையும் நடத்துமாயின், அதன் கம்பியில் நேர்ந்த தடையை அதன் நிலையத்தின் கணக்கினின்று எவ்வாறு கழிப்பது? அத்தகைய கம்பெனிக்கு இவ்விலக்கை அளித்தலாகாது. செலவைக் கட்டணத்தில் சேர்க்க அக்கம்பெனி விண்ணப்பிக்கும்போது, இணைப்புவாரிப் பட்டியலையும் நேரிற் சோதித்தோரின் அறிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, இயங்காத இணைப்புக்கான செலவை ஆணையம் தள்ளிவிடவேண்டும். விவேகமற்ற செலவை அனுமதிக்க மறுக்கும் அதிகாரம் அமெரிக்க மாநில ஆணையங்களுக்கு நெடுங்காலமாகவே உண்டு.