பருவமழையின் ஓய்வும் வடபீகார் வெள்ளமும்

தென்மேற்குப் பருவமழை ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் சில நாட்கள் ஓய்வதுண்டு. கங்கைச் சமவெளியின்மேல் நீண்டு கிடக்கும் காற்றழுத்தத் தாழ்வு அச்சு, வடக்கே நகர்ந்து இமயமலை அடிவாரத்தை அடைவதே இதற்குக் காரணமாகும். அப்போது மத்திய இந்தியாவில் வானம் வெளுக்கும். நேபாள மலைச்சரிவுகளிலோ மழை வலுக்கும். அந்நீர் கோசி, பாக்மதி ஆறுகளின் வழியே வடபீகாருக்குள் இறங்கும். ஆகவே, அச்சு அடிவாரம் நோக்கி நகரும் என்று முன்னறிவிப்புக் கூறுமாயின், உள்ளூர் மழைமானியில் அளவு குறைந்திருப்பதைக் கொண்டு களப்பணியாளர் வாளாவிருத்தல் ஆகாது. மழைமானி ஊரில் பெய்ததை மட்டுமே காட்டும். ஆறோ மேலிடத்து மழையையும் சுமந்து வரும். கரையோரத்தாருக்குச் செய்தி அன்றே சேர வேண்டும்.

ஆசிரியர்கள் சொற்பொருளையும் விளக்குதல் நலம். 'கனமழை' என்பது பேச்சுவழக்கில் கூறும் பெருமழை அன்று. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்வதையே அது குறிக்கும்.