வேர்ச்சொல் படிக்கப் போகும் பிள்ளைகளுக்கு

பேங்க் பரீட்சை, நீட், ஐஇஎல்டிஎஸ் என்று எதற்காவது படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் சாயங்காலமானால் என் வீட்டுத் திண்ணைக்கு வருவார்கள். "சார், இங்கிலீஷ் வேர்ட்ஸ் மனசுல நிக்கவே மாட்டேங்கு" என்பதுதான் எல்லாருக்கும் சடைவு. லத்தீன், கிரேக்க வேர்களைப் பிடித்துப் படித்தால் நிற்கும். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு.

1. ஜெராக்ஸ் போட்டு விற்கிற வேர்ச்சொல் பட்டியலை முதலில் மடக்கி வையுங்கள் மக்களே. 'போர்ட் என்றால் சும' என்று ஒற்றை வரியாகப் படித்தது, ராத்திரி தூங்கி எழுந்தால் போய்விடும். நம் ஜங்ஷன் ஸ்டேஷனில் பெட்டி சுமக்கிறவர் போர்ட்டர். நாட்டுக்குள் சுமந்து வந்தால் இம்போர்ட், வெளியே சுமந்து போனால் எக்ஸ்போர்ட், நடந்ததைச் சுமந்து திரும்பி வந்து சொன்னால் ரிப்போர்ட். தெரிந்த சொற்களிலிருந்து வேரைப் பிடுங்கிக்கொண்டு, அப்புறம் தெரியாததற்குப் போங்கள். தெரிந்த சொல் மூன்றாவது கையில் இல்லாத வேர் இப்போதைக்கு வேண்டாம்.

2. கோட்டாற்றுப் பிள்ளைகளுக்குக் கிரேக்கம் படிக்கச் சவேரியார் கோயில் ஒன்றே போதும். கத்தீட்ரல், பிஷப், டயோசிஸ் மூன்றும் கிரேக்க வழி வந்தவை. 'கதீத்ரா' என்றால் இருக்கை. ஆயரின் இருக்கை உள்ள கோயில் கத்தீட்ரல். அதே சொல் லத்தீன், பிரெஞ்சு என்று வாய் மாறி மாறித் தேய்ந்து வந்ததுதான் நீங்கள் உட்கார்ந்திருக்கும் சேர். 'எபி' மேலே, 'ஸ்கோப்' பார். எபிஸ்கோப்போஸ், அதாவது மேற்பார்ப்பவர், உருத்தெரியாமல் தேய்ந்து பிஷப் ஆனார். அந்த ஸ்கோப்தான் டெலிஸ்கோப்பிலும் மைக்ராஸ்கோப்பிலும் இருக்கிறது. ஸ்டெதாஸ்கோப்பில் 'ஸ்டெதோஸ்' மார்பு. காதால் கேட்கிற கருவிக்கும் பார்க்கிற வேரையே வைத்துவிட்டார்கள்! 1930-ல் கோட்டாறு தனி மறைமாவட்டம் ஆனது. அந்த டயோசிஸுக்குள் 'ஒய்க்கோஸ்', அதாவது வீடு, ஒளிந்திருக்கிறது. வீட்டை நடத்துவது எகானமி, உயிர்கள் குடியிருக்கும் வீட்டைப் படிப்பது எகாலஜி. இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன்பு லத்தீன் பூசை கண்ட பெரியவர்கள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அந்தப் பூசையிலும் 'கீரியே' மட்டும் கிரேக்கம்.

3. இன்னொரு சங்கதி. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் தாலமி கிரேக்கத்தில் எழுதிய புவியியல் நூலில் 'கொட்டியாரா' என்றொரு ஊர் வருகிறது. அது கோட்டாறுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் முடிவு. அவ்வூருக்கு அவர் கொடுத்த பட்டம் மெட்ரோபோலிஸ்: 'மேட்டர்' தாய், 'போலிஸ்' நகரம். சென்னைக்காரர்கள் மெட்ரோவில் ஏறுவதற்கு 1,800 வருஷம் முன்பே அந்தச் சொல் நம் ஊருக்கு வந்தாயிற்று. போலீஸும் பாலிடிக்ஸும் இந்தப் போலிஸின் பிள்ளைகள்.

4. முன்னொட்டு படிக்கும்போது தமிழ்ப் புணர்ச்சியை மறக்காதீர்கள். 'இன்' என்றால் இல்லை. பாசிபிள் வந்தால் இம்பாசிபிள், லீகல் வந்தால் இல்லீகல், ரெகுலர் வந்தால் இர்ரெகுலர். பல்லும் முகமும் சேர்ந்து பன்முகம் ஆனதைப் படித்த பிள்ளைக்கு இதில் என்ன புதுசு? இது பிடிபட்டால் ஸ்பெல்லிங்கும் சேர்ந்தே வரும். கன்னியாகுமரியில் லாட்ஜ் போர்டுகளைப் பார்த்துக்கொண்டே நடங்கள். அக்காமடேஷனில் ஒரு எம்மைத் தின்ற போர்டு ஒன்றாவது கண்ணில் படும். 'ஆட்' என்ற முன்னொட்டு சி-க்கு முன்னால் 'அக்' ஆகிறது. அதனால் இரண்டு சி. அடுத்து 'காம்' என்ற முன்னொட்டு, அதன்பின் 'மோட்' என்ற வேர். முன்னதன் கடைசியில் ஓர் எம், பின்னதன் தொடக்கத்தில் ஓர் எம். இதைப் பிரித்துப் பார்த்தவனுக்குச் சாகும்வரை தப்பு வராது.

5. நம் வாய்க்கு ஒன்றாகவும் எழுத்தில் இரண்டாகவும் இருப்பவற்றைத் தனியே குறித்து வையுங்கள். கர்ப்பிணிகளைப் பார்க்கும் ஆன்ட்டிநேட்டல் வார்டில் உள்ள ஆன்ட்டி லத்தீன், முடிவது ஈ-யில், பொருள் 'முன்', பிறப்புக்கு முன். ஆன்ட்டிபயாட்டிக்கில் உள்ளது கிரேக்கம், முடிவது ஐ-யில், பொருள் 'எதிர்'. பெடஸ்டல் ஃபேனில் இருப்பது லத்தீன் கால். பீடியாட்ரிக்ஸில் இருப்பது கிரேக்கக் குழந்தை.

6. ஹைப்பர் மேலே, ஹைப்போ கீழே. மருந்துக்கடையில் வேலைக்குப் போகிறவன் இதை மட்டுமாவது படித்துவிட்டுப் போகட்டும்.

7. வேர் குறிப்புக் காட்டும், சாட்சி சொல்லாது. ஹைவேயில் போகும் டேங்கர் லாரியின் பின்னால் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று சிவப்பில் எழுதியிருக்கும். இன் என்றால் இல்லை, ஆகவே தீப்பிடிக்காது என்று பக்கத்தில் நின்று பீடி பற்றவைத்தால் என்ன ஆகும்? அங்கே 'இன்' என்பது 'உள்ளே'. உள்ளே கனன்று எரிவது. கவர்மென்ட் பாலிசி மேலே சொன்ன போலிஸ் வழி வந்தது. எல்ஐசி பாலிசி வேறு குடும்பம், 'அத்தாட்சி' என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல் இத்தாலி வழியாக உருமாறி வந்தது. ஆகவே ஊகித்த பிறகு அகராதியைத் திறக்காமல் விடாதீர்கள்.

8. எல்லாம் தமிழிலிருந்து போனதுதான் என்று சண்டைக்கு நிற்கிறவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம், அவர்களாக நீங்களும் ஆக வேண்டாம். ஜிஞ்சருக்குள் நம் இஞ்சி இருப்பதை அகராதிக்காரர்களே ஒப்புக்கொள்கிறார்கள். கட்டமரானில் கட்டுமரம் இருப்பது முட்டம் கடற்கரையில் கேட்டாலே தெரியும். மற்றதற்கு ஆதாரம் கேளுங்கள்.

9. புத்தகம் வேண்டுமானால் நார்மன் லூயிஸ் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' வாங்குங்கள். 1949-ல் வந்தது, இன்றும் பிளாட்பாரக் கடையில்கூடக் கிடைக்கும். வாசிக்கிற புத்தகம் இல்லை அது, பென்சிலோடு உட்காருகிற புத்தகம். கூடவே சொல்லின் பிறப்பைச் சொல்லும் அகராதி ஒன்று வேண்டும். பரீட்சைக்கென்று விற்கும் மெலிந்த பாக்கெட் அகராதிகளில் பெரும்பாலும் அது இருக்காது, வாங்குமுன் புரட்டிப் பாருங்கள். முதல் வாரம் ஒரு வேலை தருகிறேன்: பி-யும் ஹெச்-சும் சேர்ந்து 'ஃப' என்று ஒலிக்கும் சொற்களை நியூஸ்பேப்பரில் வட்டம் போட்டு எடுத்து வாருங்கள். அநேகமாக எல்லாமே கிரேக்கமாக இருக்கும். மாட்டாததை மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்போம்.