கலந்தாய்வும் பொருளாதாரச் சீர்திருத்தமும்: கானா நாட்டு வரி தரும் பாடம்

முன்னுரை

ஒரு வீட்டின் கூரையை மாற்றுவதென்றாலும் அவ்வீட்டில் வாழ்வோரைக் கேட்டே செய்வது உலக வழக்கம். ஆராய்ந்து சூழ்ந்து செயலில் இறங்குவதைத் திருக்குறள் 'தெரிந்து செயல்வகை' எனத் தனியோர் அதிகாரமாகவே வகுத்துள்ளது. திருக்குர்ஆனின் 42ஆம் அத்தியாயம் 'கலந்தாலோசனை' என்னும் பொருளுடைய பெயரையே தாங்கி நிற்கிறது. இவ்வாறு அறநூல்கள் வழி நாம் நன்கறிந்த ஒரு நெறி, நாட்டின் வரியையும் விலையையும் மாற்றும் வேளையில் மட்டும் ஏன் மறக்கப்படுகிறது என்பதே இக்கட்டுரைக்கு அடிப்படையான வினாவாகும்.

1980களிலும் 1990களிலும் வளரும் நாடுகள் பல, பன்னாட்டு நிதியம், உலக வங்கி ஆகியவற்றின் கடனுதவியைப் பெற்றுத் தம் பொருளாதாரக் கொள்கைகளைத் திருத்தி அமைத்தன. அத்திருத்தங்களுட் பல, நிதியமைச்சகத்து அறைகளில் வல்லுநர் சிலரால் வரையப்பட்டன. பொதுமக்கள் அவற்றைக் கடைவீதி விலையின் வாயிலாகவே அறிந்துகொண்டனர். இதனால் விளைந்த கேடும், பின்னர் அதனைத் திருத்திக்கொண்ட முறையும் ஒருங்கே காணக் கிடைக்கும் நாடு, மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள கானா ஆகும். அந்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி வரலாற்றை நாம் இங்கு ஆராய்வோம்.

பின்புலம்

1957இல் விடுதலை பெற்ற கானா, கொக்கோவும் பொன்னும் விளையும் வளமிக்க நாடு. எனினும் 1980களின் தொடக்கத்தில் அதன் பொருளாதாரம் நலிந்து போயிற்று. 1983இல் ஜெர்ரி ராலிங்ஸ் தலைமையிலான இராணுவ ஆட்சி, பொருளாதார மீட்புத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. நாணய மதிப்புக் குறைக்கப்பட்டது. விலைக் கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட்டன. கட்சிகளுக்கும் தேர்தலுக்கும் இடமில்லாத காலமாதலின், மக்களைக் கேளாமலே இவற்றையெல்லாம் நிறைவேற்ற முடிந்தது.

1992இல் புதிய அரசியலமைப்பின்கீழ்த் தேர்தல் வந்தது. குடியரசுத் தலைவர் தேர்தலில் முறைகேடு நிகழ்ந்ததாகக் கூறிய எதிர்க்கட்சிகள், அவ்வாண்டு திசம்பரில் நடந்த நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தன. ஆகவே 1993 முதல் 1996 வரை இருந்த நாடாளுமன்றத்தில் எதிர்க்குரல் ஏறத்தாழ இல்லை. அதே தேர்தல் ஆண்டில் அரசு ஊழியர் ஊதியம் பெரிதும் உயர்த்தப்பட்டமையால் வரவு செலவில் பற்றாக்குறையும் தோன்றியது. பற்றாக்குறையை ஈடுசெய்யப் புதிய வரி தேவைப்பட்டது. அவ்வரியைக் கேள்வி கேட்டு ஆராயவேண்டிய மன்றமோ மறுப்புக் குரலின்றி இருந்தது. இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தமை நாம் நினைவிற் கொள்ளத்தக்கது.

மதிப்புக் கூட்டு வரியின் இயல்பு

மேலும் செல்லுமுன் இவ்வரியின் இயல்பை ஓர் எடுத்துக்காட்டால் விளங்கிக்கொள்வோம். வரி 10 விழுக்காடு எனக் கொள்வோம். நூல் விற்பவர் 100 ரூபாய்க்கு நூலை விற்று, 10 ரூபாய் வரியை வாங்கி அரசுக்குச் செலுத்துகிறார். அந்நூலை நெய்தவர் துணியை 160 ரூபாய்க்கு விற்று, 16 ரூபாய் வரி பெறுகிறார். தாம் முன்பே கொடுத்த 10 ரூபாயைக் கழித்துக்கொண்டு 6 ரூபாய் செலுத்துகிறார். கடைக்காரர் அத்துணியை 200 ரூபாய்க்கு விற்று, 20 ரூபாய் வரி பெற்று, 16 ரூபாயைக் கழித்து 4 ரூபாய் செலுத்துகிறார். 10, 6, 4 ஆகிய மூன்றும் சேர்ந்து 20 ரூபாய். வரியின் மேல் வரி ஏறுவதில்லை என்பதே இதன் சிறப்பு.

ஆனால் இச்சிறப்பு ஒரு நிபந்தனைக்கு உட்பட்டது. ஒவ்வொருவரும் பற்றுச்சீட்டு வைத்திருக்க வேண்டும். கணக்கு எழுத வேண்டும். தலைச்சுமையாகப் பண்டம் கொணர்ந்து விற்கும் சிறு வணிகருக்கு இது இயலுமா? எத்தகைய வணிகர் வரை இவ்வரியின் வரம்புக்குள் வரவேண்டும்? இவை ஏட்டில் மட்டும் ஆராய்ந்து விடை காணத்தக்க வினாக்கள் அல்ல. சந்தையில் இருப்போரிடம் கேட்டறிய வேண்டியவை.

1995: கேளாமல் வந்த வரி

கானா அரசு 1994இல் சட்டம் இயற்றி, 1995 மார்ச்சு முதல் நாளில் இவ்வரியை நடைமுறைப்படுத்தியது. வரி 17.5 விழுக்காடு. ஆண்டு விற்பனை 25 மில்லியன் செடிக்கு மேற்பட்ட வணிகர் அனைவரும் பதிவு செய்யவேண்டும் என்பது விதி. இப்புதிய வரி, அதுவரை இருந்த 15 விழுக்காட்டு விற்பனை வரிக்கு மாற்றாக வந்ததே ஆகும். ஆயினும் இவ்வுண்மை மக்களுக்கு விளக்கப்படவில்லை. பழைய வரி ஏற்கெனவே கலந்திருந்த விலையின்மேல் புதிய வரியையும் வணிகர் பலர் ஏற்றினர். விலைகள் தாவின. 1995 இறுதியில் பணவீக்கம் ஏறத்தாழ 70 விழுக்காட்டை எட்டியது. அதற்கு இவ்வரி ஒன்றே காரணமன்று எனினும், மக்கள் கண்ணுக்குத் தெரிந்த காரணம் இதுவாகவே இருந்தது.

நம்பிக்கை என்பதும் ஒரு முதலீடே. தலைநகர் அக்ராவின் புகழ்பெற்ற மகோலா சந்தையை, பதுக்கலை ஒழிப்பதாகக் கூறி 1979இல் இராணுவத்தினர் இடித்துத் தரைமட்டமாக்கினர். அச்சந்தையில் பெண் வணிகரே மிகுதி. அந்நினைவு மறையாத சமூகத்திடம், 'எங்கள் கணக்கை நம்பிப் பதிவு செய்யுங்கள்' என்று அரசு திடீரெனக் கேட்டால் ஐயம் எழுவது இயல்பே அன்றோ?

1995 மே 11ஆம் நாள் அக்ராவில் பெருந்திரளானோர் ஊர்வலம் சென்றனர். அவ்வியக்கத்தின் பெயர் 'குமே பிரெக்கோ'. அக்கான் மொழியில் அதற்கு 'என்னை ஒரேயடியாகக் கொன்றுவிடு' என்பது பொருள். நாள்தோறும் சிறிது சிறிதாகச் சாவதினும் ஒரேயடியாகச் சாவது மேல் என்னும் ஏழையின் கதறலை அப்பெயரில் நாம் கேட்கிறோம். ஊர்வலத்தின்மீது நிகழ்ந்த தாக்குதலில் குறைந்தது நால்வர் உயிரிழந்தனர். அடுத்த மாதமே அரசு வரியைத் திரும்பப் பெற்றது. பதின்மூன்று ஆண்டுகள் நிதித்துறையை நடத்திய அமைச்சர் குவெசி போட்ச்வே அவ்வாண்டிலேயே பதவி விலகினார்.

1998: கேட்டு வந்த வரி

1996 தேர்தலில் எதிர்க்கட்சிகள் பங்கேற்று நாடாளுமன்றத்துள் நுழைந்தன. 1997 செப்டம்பரில் தேசியப் பொருளாதார மாநாடு ஒன்று அக்ராவில் கூட்டப்பட்டது. அரசு, எதிர்க்கட்சி, தொழிற்சங்கம், தொழில் நிறுவனங்கள், கல்வியாளர் எனப் பல திறத்தாரும் ஒரே அவையில் அமர்ந்தனர். நாட்டுக்கு உள்நாட்டு வருவாய் தேவை என்பதில் கருத்தொற்றுமை பிறந்தது. மதிப்புக் கூட்டு வரியை மீண்டும் கொணர்வதற்கும் வழி திறந்தது.

1998இல் புதிய சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டு திசம்பரில் வரி நடைமுறைக்கு வந்தது. இம்முறை வரி 10 விழுக்காடு மட்டுமே. பதிவுக்கான வரம்பு 25 மில்லியன் செடியிலிருந்து 200 மில்லியன் செடியாக உயர்த்தப்பட்டதால், சிறு வணிகர் பெரும்பாலோர் விடுபட்டனர். வரி என்ன, எப்பொருளுக்கு உண்டு, எதற்கு இல்லை என்பன முன்கூட்டியே பரப்புரை வாயிலாக விளக்கப்பட்டன. வீதியில் குருதி சிந்தவில்லை.

இதன் பின் நிகழ்ந்தவை நம் சிந்தனைக்கு விருந்தாவன. 2000இல் வரி 12.5 விழுக்காடாயிற்று, கூடுதலான 2.5 விழுக்காடு கல்வி அறநிதிக்கென ஒதுக்கப்பட்டது. 2003இல் தேசிய நலவாழ்வுக் காப்பீட்டுக்கென மேலும் 2.5 விழுக்காடு தீர்வை சட்டமாயிற்று. 2013ஆம் ஆண்டுச் சட்டம் வரியை 15 விழுக்காடாக்கியது. காப்பீட்டுத் தீர்வையும் சேர்ந்தபோது மொத்தம் 17.5 விழுக்காடு! 1995இல் எந்த அளவுக்காக உயிர்கள் மாண்டனவோ, அதே அளவு ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் படிப்படியாக வந்து நிலைபெற்றது. எதிர்ப்புகள் இல்லாமல் இல்லை. எனினும் 1995இன் துயரம் மீளவில்லை. ஆகவே மக்கள் வெறுத்தது வரியின் அளவை மட்டுமன்று. அது வந்த விதத்தையும் என்பது புலனாகும்.

மலேசியா: ஓர் ஒப்பீடு

கலந்தாய்வு வேறு வடிவிலும் அமையலாம். 1969 மே கலவரத்துக்குப் பின் மலேசியாவில் 1971இல் தொடங்கிய புதிய பொருளாதாரக் கொள்கை 1990இல் முடிவுற இருந்தது. அடுத்தது என்ன என ஆராய, 1989இல் 150 உறுப்பினர் கொண்ட தேசியப் பொருளாதார ஆலோசனை மன்றம் நிறுவப்பட்டது. மலாய்க்காரர் உள்ளிட்ட பூமிபுத்திரரும் சீனர், தமிழர் முதலான ஏனையோரும் சமமாக இடம்பெறும் வகையில் அது அமைந்தது. ஓர் எதிர்க்கட்சி இடையில் விலகியது. 1991இல் மன்றம் தன் அறிக்கையை அளித்தது. எனினும் அவ்வறிக்கை அரசைக் கட்டுப்படுத்தவில்லை. அரசு தான் விரும்பியவற்றை ஏற்று, அவ்வாண்டே புதிய வளர்ச்சிக் கொள்கையை வெளியிட்டது. அவையைக் கூட்டுவது பாதிப் பணியே; அவை கூறியதற்கு விடை தருவதே மறுபாதி என்பதை இது உணர்த்துகிறது.

மறக்கப்பட்ட பாடம்

கற்ற பாடமும் மறக்கப்படும் என்பதற்குக் கானாவே சான்றாகிறது. 2021 நவம்பரில், கைப்பேசி வழிப் பணப் பரிமாற்றத்துக்கு 1.75 விழுக்காடு தீர்வை விதிக்கும் திட்டம் அறிவிக்கப்பட்டது. முதலில் அறிவிப்பு, அதன்பின்னரே ஊர்க் கூட்டங்கள். நாடாளுமன்றத்தில் அமளி மூண்டது. 2022 மார்ச்சில் எதிர்க்கட்சியினர் வெளிநடப்புச் செய்த நிலையில் 1.5 விழுக்காடாகச் சட்டம் நிறைவேறி, மே மாதம் நடைமுறைக்கு வந்தது. 2023இல் 1 விழுக்காடாகக் குறைக்கப்பட்டு, 2025இல் அடுத்த ஆட்சியால் நீக்கப்பட்டது. அத்தீர்வையைக் கொணர்ந்தபோது குடியரசுத் தலைவராக இருந்தவர் நானா அகுஃபோ அட்டோ. 1995இல் 'குமே பிரெக்கோ' ஊர்வலத்தை முன்னின்று நடத்தியோருள் அவரும் ஒருவர்! வீதியில் நின்று கற்றது அரியணையில் அமர்ந்ததும் மறந்துபோவது மாந்தர் இயல்பு போலும். அதனால்தான் கலந்தாய்வு தலைவரின் நற்குணத்தை நம்பியிராமல், முறையாகவும் நிறுவனமாகவும் அமையவேண்டும் என்கிறோம்.

கலந்தாய்வை அமைக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து நாம் பெறும் நெறிகளைத் தொகுத்துரைப்போம்.

முதலாவது, காலம். முடிவெடுத்தபின் கேட்பது கலந்தாய்வன்று; அறிவிப்பே ஆகும். மாற்றத்தக்க நிலையில் திட்டம் இருக்கும்போதே கேட்டல் வேண்டும்.

இரண்டாவது, அவை. தொழிலதிபருக்கும் தொழிற்சங்கத்துக்கும் அமைப்பு உண்டு, நாற்காலியும் கிடைத்துவிடும். சந்தையில் விற்கும் பெண்ணுக்கும் குத்தகை உழவருக்கும் அமைப்பு இல்லை. அவர்களை அவைக்கு அழைப்பதைவிட, அவர்கள் இருக்குமிடத்துக்கு அவை செல்வதே தக்கது.

மூன்றாவது, மொழி. கானாவின் ஆட்சிமொழி ஆங்கிலம். மக்கள் பேசுவனவோ அக்கான், ஈவே, கா, தக்பானி முதலிய மொழிகள். தாய்மொழியில் விளக்கப்படாத வரி, விளக்கப்படாத வரியே ஆகும். கலைச்சொல்லை மக்கள் சொல்லாக மாற்றும் பணி, மொழி பயில்வோராகிய நம் போன்றோர்க்கும் உரியது.

நான்காவது, கணக்கு. பற்றாக்குறை எவ்வளவு, வரியால் வருவது எவ்வளவு என்ற விவரங்களை அரசு முன்வைத்தாலன்றி, அவையோர் வெறும் உணர்ச்சியையே பேச நேரும்.

ஐந்தாவது, விடை. எக்கருத்தை ஏற்றோம், எதனை மறுத்தோம், ஏன் மறுத்தோம் என்பதை எழுத்தில் தருதல் வேண்டும்.

ஆறாவது, பின்தொடர்தல். கல்விக்கென வாங்கிய வரி கல்விக்கே சென்றதா என ஆண்டுதோறும் காட்டுதல் வேண்டும். இல்லையேல் அடுத்த முறை அழைக்கும்போது அவை கூடாது.

மறுப்பும் விடையும்

'நெருக்கடிக் காலத்தில் எல்லாரையும் கேட்டுக்கொண்டிருக்க நேரமேது?' என்பார் உளர். இம்மறுப்பைப் புறந்தள்ள இயலாது. வலியோர் கூடித் தம் நலத்துக்கேற்பத் திட்டத்தைத் திரித்துவிடுவதும் உண்டு. வரி 10 விழுக்காடாகக் குறைந்தது போலச் சில விட்டுக்கொடுத்தல்களுக்கு அரசு விலையும் தரவேண்டியுள்ளது.

ஆயினும் கணக்கிட்டுப் பார்ப்போம். 1995 சூனில் கைவிடப்பட்ட வரி 1998 திசம்பரில் மீண்டது. இடையில் மூன்றரை ஆண்டுகள் கழிந்தன. முதலிலேயே ஓராண்டு கேட்டிருந்தால் இரண்டரை ஆண்டுகள் மிஞ்சியிருக்கும், மாண்டவரும் வாழ்ந்திருப்பர். கேளாமை விரைவுபோல் தோன்றினும், முடிவில் அதுவே நெடுவழியாயிற்று.

முடிவுரை

பொருளாதாரச் சீர்திருத்தம் என்பது எண்களின் சீர்திருத்தம் மட்டுமன்று; ஆள்வோருக்கும் ஆளப்படுவோருக்கும் இடையிலான உறவின் சீர்திருத்தமுமாகும். கசப்பான மருந்தையும் காரணம் அறிந்தவன் ஏற்றுக்கொள்வான். இப்பழக்கம் அமைச்சகத்தில் தொடங்கவேண்டும் என்று காத்திராமல், நம் வகுப்பறையிலும் ஊர்ச் சங்கத்திலும் குடும்பத்திலும் தொடங்குவோமாக. இன்று இங்கே கேட்கவும் கேட்கப்படவும் பழகும் மாணவரே, நாளை நாட்டின் நிதிநிலையை வரையும் இடத்தில் அமரக்கூடும். அன்று அவர்கள், எழுதுகோலைக் கையில் எடுக்குமுன் சந்தைத் தெருவில் ஒருமுறை நடந்துவிட்டு வருவார்களாயின், இக்கட்டுரையின் நோக்கம் நிறைவேறியதாகக் கொள்வோம்.